வாக்குமூலத்தைப் படித்தே பொய்யைப் பிடிக்க முடியுமா?

பெரிய வழக்கு எதுவாக இருந்தாலும் சரி, சம்பந்தப்பட்டவர் எழுதிக் கொடுத்த கடிதமோ வாக்குமூலமோ வெளியே கசிந்த மறுநாளே ஒரு கூட்டம் அதை வரிவரியாகப் பிரித்து மேயத் தொடங்கிவிடும். இந்த இடத்தில் 'நான்' என்ற சொல்லே இல்லை பாருங்கள், மனைவியைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார், 'என் மனைவி' என்று ஒருமுறைகூட எழுதவில்லை, இங்கே அடித்துத் திருத்தியிருக்கிறார் என்று சிவப்பு வட்டம் போட்டு விளக்குவார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கும். இதை வெறும் யூட்யூப் வேடிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. ஏறக்குறைய இதே முறையைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு பல நாட்டுப் போலீஸார் உண்மையான வழக்குகளில் பயன்படுத்துகிறார்கள். ஸ்பெயினில் இந்த வேலையைக் கணினியிடமே கொடுத்துப் பார்த்தார்கள்.

இது வேலை செய்கிறதா? மிகப் பிரபலமான முறை வேலை செய்யவில்லை. அதைவிடக் கவனமாக உருவாக்கப்பட்ட சில முறைகள் குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் ஒருவரைப் பொய்யர் என்று முடிவுகட்டும் அளவுக்கு இல்லை. ஏன் என்று புரிய அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## எந்த வாக்குமூலம்?

செய்திகளில் 'வாக்குமூலம்' என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

1. புகார். பாதிக்கப்பட்டவர் தானே எழுதிக் கொடுப்பது, அல்லது அவர் சொல்லச் சொல்ல போலீஸ் எழுதிக்கொள்வது.
2. விசாரணையின்போது சாட்சியோ சந்தேகத்துக்குரியவரோ 'நடந்தது இது' என்று சொன்னதன் எழுத்து வடிவம்.
3. ஒப்புதல் வாக்குமூலம். 'நான்தான் செய்தேன்' என்பது.

இங்கே நாம் பேசுவது இந்த மூன்றிலும் உள்ள எழுத்தை மட்டும் வைத்து, வேறு எந்தச் சான்றும் பார்க்காமல், எழுதியவர் பொய் சொல்கிறாரா என்று கணிப்பதைப் பற்றி. மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றை அளக்கும் பாலிகிராஃப் வேறு. ஊசி போட்டுப் பேசவைக்கும் நார்கோ சோதனை வேறு.

இன்னொன்றையும் இப்போதே பிரித்துவிடலாம். பொய் வேறு, தவறு வேறு. 'சட்டை நீலம்' என்று ஒரு சாட்சி சொல்லி, சிசிடிவியில் அது பச்சை என்று தெரிந்தால், அவர் சொன்னது தவறு, அவ்வளவுதான். பொய் என்பதற்கு ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். எழுத்துப் பகுப்பாய்வு முறைகள் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்வது அந்த எண்ணத்தை.

மனிதர்கள் சாதாரணமாகவே இதில் எவ்வளவு கெட்டி? 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த 206 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 24,483 பேர் கலந்துகொண்டவை. சராசரித் துல்லியம் 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். அனுபவமுள்ள போலீஸ்காரர்களுக்கு இது கூடுதலாக இருக்கும் என்று நினைப்போம், அதுவும் இல்லை. சிறைக் கைதிகள் சொன்ன உண்மையான, போலியான ஒப்புதல்களைக் கல்லூரி மாணவர்களுக்கும் துப்பறியும் போலீஸாருக்கும் கொடுத்துப் பார்த்த 2005 ஆய்வு ஒன்றில் மாணவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள், ஆனால் தாங்கள் சொன்னது சரி என்று அடித்துச் சொன்னவர்கள் போலீஸார்.

## 'ஸ்கேன்' என்ற முறை

ஆஸ்பத்திரி ஸ்கேன் இல்லை. 'அறிவியல்பூர்வ உள்ளடக்கப் பகுப்பாய்வு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். உருவாக்கியவர் அவினோவம் சபீர், இஸ்ரேல் போலீஸில் பாலிகிராஃப் நிபுணராக இருந்து பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். நடந்ததைச் சந்தேகத்துக்குரியவரே, யாரும் குறுக்கே கேள்வி கேட்காமல், தன் கைப்பட எழுத வேண்டும். பிறகு பயிற்சி பெற்றவர் வண்ணப் பேனாக்களோடு உட்கார்ந்து அதில் குறி போடுவார். அவர் தேடுபவற்றில் முக்கியமானவை:

1. 'நான்' விடுபட்டிருக்கிறதா? விடுபட்டால் எழுதியவர் சொல்வதற்குப் பொறுப்பேற்கத் தயங்குகிறார்.
2. ஆட்களை முறையாக அறிமுகப்படுத்துகிறாரா? 'என் மனைவி லிசா' என்றால் உறவு சரியாக இருக்கிறது. வெறும் 'லிசா' என்றால் ஏதோ உரசல்.
3. ஒரே பொருளுக்குச் சொல் மாறுகிறதா? மேலே 'துப்பாக்கி', கீழே 'ஆயுதம்'.
4. எழுதியதை அடித்துத் திருத்தியிருக்கிறாரா?
5. 'ஞாபகமில்லை' என்கிறாரா?
6. யாரும் கேட்காத, சம்பந்தமில்லாத விவரம் நுழைகிறதா?
7. சம்பவத்துக்கு முந்தைய பகுதி, சம்பவம், பிந்தைய பகுதி மூன்றும் ஏறக்குறைய 20, 50, 30 சதவீதமாகப் பிரிந்திருக்கிறதா?

படித்தவுடன் 'அட, சரிதானே' என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல். 4, 5, 6 ஆகியவற்றை மட்டும் மறுபடி பாருங்கள். இதே விஷயத்தை ஆராய ஜெர்மனியில் வேறொரு முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது, கீழே வருகிறேன். அந்த முறையில் தானாகத் திருத்திக்கொள்வது, 'ஞாபகமில்லை' என்று ஒப்புக்கொள்வது, சம்பந்தமில்லாத சின்ன விவரம் சொல்வது மூன்றுமே உண்மைக்கான அடையாளங்கள்! காரணமும் அங்கே சொல்லப்படுகிறது: கதை கட்டுபவர் தன் கதை சுத்தமாக இருக்கவேண்டும் என்று பார்ப்பார், தடுமாற்றத்தைக் காட்டமாட்டார். ஆக, அடித்துத் திருத்தப்பட்ட ஒரே வரியை ஒரு நிபுணர் பொய் என்பார், இன்னொருவர் மெய் என்பார். இரண்டு பேருமே காரணம் வைத்திருப்பார்கள்.

## சூசன் ஸ்மித் வழக்கும் சிவப்பு விளக்கும்

இந்த முறைகளைக் கற்பிப்பவர்கள் கட்டாயம் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 1994 அக்டோபர் 25, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், யூனியன் என்ற சின்ன ஊர். சூசன் ஸ்மித் என்ற இளம் தாய், சிக்னலில் காரை நிறுத்தியபோது ஒரு கறுப்பின ஆள் ஏறி, தன்னை இறக்கிவிட்டு, பின்சீட்டில் இருந்த இரண்டு மகன்களோடு காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். நாடே தேடியது. ஒன்பது நாள் கழித்து, காரோடு குழந்தைகளை ஏரியில் தள்ளியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இடைப்பட்ட நாட்களில் அவர் கொடுத்த பேட்டியில் 'என் குழந்தைகளுக்கு நான் தேவைப்பட்டேன்' என்று இறந்தகாலத்தில் பேசினார். குழந்தைகளின் தந்தையோ நிகழ்காலத்திலேயே பேசினார். பார்த்தீர்களா, குழந்தைகள் உயிரோடு இல்லை என்று அவருக்கு முன்பே தெரியும், மொழி காட்டிக்கொடுத்துவிட்டது என்று 1996இல் எஃப்பிஐயின் இதழிலேயே இது பாடமாக வந்தது.

கவர்ச்சியான உதாரணம்தான். ஆனால் இதிலிருந்து ஒரு விதியைப் பெற வேண்டுமென்றால், குழந்தை காணாமல் போன நிரபராதிப் பெற்றோர்கள் எத்தனை பேர் அதிர்ச்சியில் இறந்தகாலத்தில் பேசினார்கள் என்ற கணக்கும் வேண்டும். அதை யாரும் வகுப்பில் காட்டுவதில்லை. விடை தெரிந்த பிறகு பழைய பேச்சில் தடயம் தேடுவது, பலித்த ஜோசியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மாதிரி.

போலீஸுக்கு அவர் கதையில் ஓட்டை கிடைத்தது எங்கே என்பதுதான் சுவாரஸ்யம். சிக்னல் சிவப்பாக இருந்ததால் நின்றேன், அப்போது வேறு வண்டியே இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பிட்ட சந்திப்பில் குறுக்குத் தெருவில் வண்டி வந்தால் மட்டுமே சிக்னல் சிவப்புக்கு மாறும், இல்லையென்றால் எப்போதும் பச்சைதான். வேறு வண்டி இல்லையென்றால் சிவப்பும் இருந்திருக்க முடியாது. எந்த இலக்கணப் பகுப்பாய்வும் இதற்குத் தேவைப்படவில்லை. சாலைக்குப் போய்ச் சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும்.

## சோதித்துப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ஸ்கேன் முறைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று 1994இல் வந்தது. உண்மையான வழக்குகளின் 30 வாக்குமூலங்கள், எண்பது சதவீதத்துக்கு மேல் துல்லியம். ஆனால் எது உண்மை, எது பொய் என்று அவர்கள் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று பார்த்தால், பாலிகிராஃப் முடிவை வைத்து! பாலிகிராஃபே சந்தேகத்துக்குரியது. ஒரு கோணலான அளவுகோலை இன்னொரு கோணலான அளவுகோலோடு ஒப்பிட்டு இரண்டும் பொருந்துகின்றன என்று சொன்னால் என்ன செய்வது.

இந்தத் துறையின் அடிப்படைத் தலைவலியே இதுதான். நிஜ வழக்கில் எது உண்மை என்று உறுதியாகத் தெரிவது அபூர்வம். 'ஸ்கேன் செய்து பொய் என்றோம், அவரும் ஒப்புக்கொண்டார்' என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பொய் என்று முடிவு செய்துவிட்டதால்தானே அவரை இறுக்கி விசாரித்தார்கள்? இறுக்கினால் செய்யாதவரும் ஒப்புக்கொள்வார் என்பதை நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தவறான முடிவு வெளியே தெரியவே வராத ஒரு சுழற்சி இது.

அதனால்தான் ஆய்வகச் சோதனை முக்கியம். அங்கே சிலரை உண்மை எழுதச் சொல்கிறார்கள், சிலரைப் பொய் எழுதச் சொல்கிறார்கள், எது எது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். 2012இல் காலிட் நஹாரி, ஆல்டர்ட் வ்ரை, ரொனால்ட் ஃபிஷர் மூவரும் செய்த ஆய்வில் ஸ்கேன் முறையால் உண்மை எழுதியவர்களையும் பொய் எழுதியவர்களையும் குருட்டு ஊகத்தைவிட மேலாகப் பிரிக்க முடியவில்லை. 2016இல் க்ளினிஸ் போகார்ட் குழுவினர் 234 எழுத்துகளை வைத்துப் பார்த்தார்கள், அதே கதை. பிரிட்டனின் உள்துறை 2001இலேயே தன் போலீஸாரை வைத்துச் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பயிற்சி பெறாத அனுபவசாலித் துப்பறிவாளர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை என்று தெரிந்தது. எஃப்பிஐ, சிஐஏ, பென்டகன் மூன்றும் சேர்ந்த அமெரிக்க விசாரணைக் குழு 2016இல் வெளியிட்ட அறிவியல் மதிப்பீட்டு அறிக்கையும் இந்த முறையைப் பெயர் சொல்லியே குறை கூறியது. இத்தனைக்குப் பிறகும் பயிற்சி வகுப்புகள் நிற்கவில்லை என்பதை 2019இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் விரிவாக எழுதினார்கள்.

## ஜெர்மனியின் முறை: கொஞ்சம் பரவாயில்லை

1954இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், பாலியல் வழக்குகளில் குழந்தையின் சாட்சியத்தைத் தவிர வேறு சான்று அதிகமில்லாதபோது உளவியல் நிபுணரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. அப்போது நீதிமன்றத்துக்கு இந்த முறையின் பயனைக் காட்டியவர் உடோ உண்டாய்ச் என்ற உளவியலாளர். நிஜமாக அனுபவித்ததன் நினைவு, கற்பனை செய்ததிலிருந்து தரத்தில் வேறுபட்டிருக்கும் என்பது அவர் கருதுகோள். அதிலிருந்து வளர்ந்து 1989இல் 19 அளவுகோல்களாக உருப்பெற்றது: எதிர்பாராத குறுக்கீடுகள், அப்படியே சொல்லப்படும் உரையாடல், தனக்கே புரியாமல் குழந்தை விவரிக்கும் விஷயங்கள், மேலே சொன்ன திருத்தங்கள், மறதிகள்.

ஆய்வகத்தில் இதன் துல்லியம் 70 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இதைப் பார்ப்பவர் பயிற்சி பெற்ற உளவியலாளர். முறையாக நடத்திய நேர்காணலின் முழு எழுத்து வடிவம் வேண்டும். பேச்சுத் திறமை குறைந்த குழந்தை உண்மையே சொன்னாலும் மதிப்பெண் குறையும். அளவுகோல்கள் என்னவென்று முன்பே சொல்லிக்கொடுத்தால் பொய் சொல்பவர்களும் பாஸ் ஆகிவிடுகிறார்கள். அதனாலேயே 1999இல் அந்த நீதிமன்றம் குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. 'இந்தச் சாட்சியம் உண்மையல்ல' என்ற அனுமானத்தில் தொடங்கி, கற்பனையாக இருக்கலாம், யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்ற ஒவ்வொரு சாத்தியத்தையும் நிபுணர் தனித்தனியாகச் சோதித்து விலக்கிக் காட்ட வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டி 'பாஸ், ஃபெயில்' போடும் வேலை இல்லை.

## வெரிபோல்: கணினி சொன்னால்?

ஸ்பெயின் தேசியப் போலீஸ் 2018இல் 'வெரிபோல்' என்ற மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக 'போனைப் பறித்துவிட்டார்கள்' என்று பொய்யாகக் கொடுக்கப்படும் வழிப்பறிப் புகார்களைப் பிடிப்பது நோக்கம். 2015ஆம் ஆண்டின் 1,122 புகார்களைக் கொண்டு பயிற்றுவித்தார்கள். பொய்ப் புகார்களில் திருடுபோன பொருளைப் பற்றிய பேச்சு அதிகம், தாக்கியவரைப் பற்றிய விவரம் குறைவு, சாட்சிகள் இல்லை என்று மென்பொருள் கற்றுக்கொண்டது. ஆய்வுக் கட்டுரையில் துல்லியம் 91 சதவீதம் என்று போட்டிருந்தார்கள்.

91 என்றவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் புகார்கள், அதில் 100 பொய், 900 உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 91 சதவீதம் சரி என்றால்:

1. 100 பொய்ப் புகார்களில் 91 மாட்டும்.
2. 900 உண்மைப் புகார்களில் 9 சதவீதம், அதாவது 81, தவறாகப் 'பொய்' என்று குறிக்கப்படும்.
3. ஆக 'பொய்' என்று குறி விழுந்த 172 பேரில் 81 பேர் நிஜமாகவே பறிகொடுத்தவர்கள். கிட்டத்தட்டப் பாதி.

துல்லியம் 70 சதவீதமானால் 70 பொய்யர்கள் மாட்டும்போது 270 உண்மையானவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள். குறி விழுந்த ஐந்து பேரில் நான்கு பேர் அப்பாவிகள். பொய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்த விகிதம் மோசமாகும். துல்லியம் இத்தனை சதவீதம் என்று செய்தியில் படித்தால், உண்மையான வழக்குகளில் எத்தனை பொய் என்பதையும் சேர்த்துக் கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வெரிபோலுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஸ்டேஷனில் புகாரைத் தட்டச்சு செய்வது பெரும்பாலும் போலீஸ் அதிகாரி. அவருக்கு முதலிலேயே சந்தேகம் வந்திருந்தால் அது அவர் கேட்கும் கேள்வியிலும் எழுதும் விதத்திலும் தெரியும். மென்பொருள் பிடித்தது புகார் கொடுத்தவரின் பொய்யையா, எழுதியவரின் சந்தேகத்தையா? 2024இல் ஸ்பெயின் போலீஸ் இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது.

## அது யாருடைய சொற்கள்?

எழுதியவர் வேறு, சொன்னவர் வேறு என்பது சாதாரண விஷயமில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் குராய்டனில் 1952 நவம்பரில் ஒரு கிடங்கின் கூரையில் சிட்னி மைல்ஸ் என்ற போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். சுட்டது 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க். வயது போதாததால் அவனுக்குத் தூக்கு இல்லை. கூடப் போன 19 வயது டெரெக் பென்ட்லி, எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவன், சுடும்போது போலீஸ் பிடியில் இருந்தவன், 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டான். அவன் தானாகச் சொல்லச் சொல்ல, கேள்வியே கேட்காமல் அப்படியே எழுதிக்கொண்டோம் என்று போலீஸ் ஒரு வாக்குமூலத்தை முன்வைத்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்து மால்கம் கோல்ட்ஹார்ட் என்ற மொழியியலாளர் அதை எடுத்துப் பார்த்தார். 582 சொற்களில் 'பிறகு' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் 10 முறை வந்திருந்தது. சாதாரண சாட்சிகளின் வாக்குமூலங்களில் அது ஏறக்குறைய ஆயிரம் சொற்களுக்கு ஒருமுறைதான் வந்தது. போலீஸார் எழுதிய அறிக்கைகளில் 78 சொற்களுக்கு ஒருமுறை. அதுவும் அந்தச் சொல் நின்ற இடம் பேச்சு வழக்கில் வரும் இடமில்லை. 'அப்புறம் நான் போனேன்' என்று பேசுபவன் வாயில் 'நான் அதன்பின் சென்றேன்' என்ற போலீஸ் நடை எப்படி வந்தது? 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவனுடைய தண்டனையை ரத்து செய்தது. மூல விசாரணையில் நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்ன வழிகாட்டல் நியாயமற்றது என்பதுதான் முக்கியக் காரணம், மொழி ஆய்வு அல்ல. ஆனாலும் எழுத்தைப் படித்து நம்பகமாகச் சொல்லக்கூடியது என்ன என்பதற்கு இது நல்ல உதாரணம். 'இவர் பொய் சொல்கிறாரா' என்பதைவிட 'இது இவருடைய சொல்தானா' என்ற கேள்விக்குத்தான் எழுத்து நன்றாகப் பதில் சொல்கிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுபவர் பெரும்பாலும் ரைட்டர். 'நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்... சம்பவத்தன்று மேற்படி நபர் என்னை வழிமறித்து அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.' தமிழ்நாட்டில் எந்த அடிதடிப் புகாரை எடுத்தாலும் இந்த வரிசை இருக்கும். காரணம், திட்டியதற்கு ஒரு பிரிவு, அடித்ததற்கு ஒரு பிரிவு, மிரட்டியதற்கு ஒரு பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506. சொற்கள் சட்டப் பிரிவுக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கப்பட்டவை. இதில் போய் 'மனைவி என்று எழுதவில்லையே' என்று ஆராய்வதில் என்ன இருக்கிறது?

அப்புறம் அந்த 'நான்' விஷயம். தமிழில் 'காலையில் எழுந்தேன், கடைக்குப் போனேன், பால் வாங்கினேன்' என்று ஒருவர் எழுதினால் அதில் 'நான்' இல்லை. எதையும் அவர் மறைக்கவும் இல்லை. வினைமுற்றிலேயே ஆள் இருக்கிறார். ஆங்கிலத்தில் 'நான்' விடுபட்டால் கண்ணை உறுத்தும், தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' வந்தால்தான் உறுத்தும். இத்தனைக்கும் சபீர் போலீஸில் வேலை பார்த்த நாட்டின் ஹீப்ருவிலும் இறந்தகால வினைக்குள்ளேயே 'நான்' ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டை அப்படியே வைத்துத் தமிழ்க் கடிதத்துக்கு வட்டம் போடுபவர்கள் இதையெல்லாம் யோசிப்பதாகத் தெரியவில்லை.

## தப்பாகப் போனால்

2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லின்வுட் என்ற ஊரில் 18 வயதுப் பெண் ஒருவர், யாரோ ஒருவன் வீட்டுக்குள் புகுந்து கட்டிப்போட்டுப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். திரும்பத் திரும்பச் சொன்னபோது சின்னச் சின்ன முரண்பாடுகள் வந்தன. தோழிக்குப் போன் செய்தது கட்டை அறுப்பதற்கு முன்பா பின்பா என்பது அவற்றில் ஒன்று. அவர் பேசிய தொனியும் 'பாதிக்கப்பட்டவர் மாதிரி இல்லை' என்று தெரிந்தவர்களே சொன்னார்கள். போலீஸார் சந்தேகப்பட்டு அழுத்தியதில், அது கனவாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார், பிறகு கதை கட்டியதாக ஒப்புக்கொண்டார். பொய்ப் புகார் கொடுத்ததாக அவர் மீதே வழக்கு, 500 டாலர் செலவுத்தொகை.

2011இல் கொலராடோவில் ஒரு தொடர் குற்றவாளி பிடிபட்டான். அவனிடம் இருந்த படங்களில் இந்தப் பெண்ணின் படமும் இருந்தது. அவர் முதலில் சொன்னது உண்மை, எழுதிக் கொடுத்த மறுப்புதான் பொய். போலீஸ் இரண்டையும் தலைகீழாகப் படித்தது. இடைப்பட்ட காலத்தில் அவன் வேறு பெண்களைத் தாக்கினான்.

## அப்படியானால் எது வேலை செய்கிறது?

பொய்யைப் பிடிக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. எழுத்து நடையில் தேடாமல், எழுத்தில் உள்ள செய்தியைக் கொண்டு தேடினால் பலன் கிடைக்கிறது. இரண்டு வழிகளுக்கு ஓரளவு நல்ல ஆதரவு உண்டு.

முதலாவது, சரிபார்க்கக்கூடிய விவரங்கள். பொய் சொல்பவருக்கு இரட்டைச் சங்கடம். விவரம் குறைந்தால் நம்பமாட்டார்கள், விவரம் கொடுத்தால் சரிபார்ப்பார்கள். அதனால் சரிபார்க்க முடியாத விவரங்களாகப் பார்த்து நிறைப்பார். 'கடைத்தெருவில் சுற்றினேன், கூட்டம் அதிகம், வெயில் கொளுத்தியது' என்பதில் மூன்று விவரம் இருந்தும் பிடிமானம் ஒன்றுமில்லை. '11 மணிக்கு ஜிபேயில் 60 ரூபாய் கொடுத்து ஜூஸ் குடித்தேன், முருகன் அண்ணனும் கூட இருந்தார்' என்பதைப் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். 'நாங்கள் சரிபார்க்கக்கூடிய விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லி எழுத வைத்தால் உண்மையானவருக்கும் பொய்யருக்கும் இடைவெளி கூடுகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாவது, கையில் உள்ள சான்றை எப்போது காட்டுவது என்பது. நம் போலீஸ் படங்களில் அதிகாரி வந்தவுடன் புகைப்படத்தை மேசையில் வீசுவார். ஸ்வீடனில் பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக், மரியா ஹார்ட்விக் போன்ற உளவியலாளர்கள் சொல்வது நேர்மாறு. சான்றை மறைத்துவைத்துக்கொண்டு முதலில் அவரை முழுதாகச் சொல்ல விடு, பிறகு அந்தச் சான்றோடு பொருந்துகிறதா என்று பார். 2006இல் ஸ்வீடன் போலீஸ் பயிற்சி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் 85.4 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பெறாதவர்கள் 56.1 சதவீதம். இது எழுதிய காகிதத்தை வைத்து அல்ல, நேரில் கேள்வி கேட்டுப் பெற்ற பலன். சான்று என்று ஒன்று இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

## இந்தியச் சட்டத்தில் இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறையில் இருக்கிறது. பழைய பிரிவு 161 இப்போது 180, பழைய 162 இப்போது 181, பழைய 164 இப்போது 183.

போலீஸ் விசாரணையில் சாட்சி சொன்னதை எழுதிக்கொண்டால் (பிரிவு 180) அதில் அவர் கையெழுத்துப் போடக்கூடாது, போடச் சொல்லவும் கூடாது. அது நீதிமன்றத்தில் சான்றாகாது. சாட்சி கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டுவதற்குத்தான் முக்கியமாகப் பயன்படும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, அதன்மூலம் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது (பிரிவு 183) தனி ரகம், அதற்கு எச்சரிக்கை, கையெழுத்து எல்லாம் உண்டு. பாலிகிராஃப், நார்கோ, மூளை வரைபடச் சோதனை மூன்றையும் சம்மதமில்லாமல் யார் மீதும் நடத்தக்கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'வாக்குமூலத்தில் முரண்பாடு' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அது இந்த 180 காகிதத்துக்கும் கூண்டில் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம். அதைக் காட்ட விரும்பும் வக்கீல் குறிப்பிட்ட வரியைச் சாட்சியிடம் எடுத்துக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். ஒன்றைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகலாம், ஆனால் அது அந்தச் சூழலில் முக்கியமானதாக இருக்க வேண்டும். 'நான் சொன்னேன், அவர் எழுதவில்லை' என்று சாட்சி சொல்வதை நம் நீதிமன்றங்களில் தினமும் கேட்கலாம். சாட்சி சொல்வதை ஆடியோ, வீடியோவில் பதிவு செய்யலாம் என்று பிரிவு 180 அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பதிவு இல்லாத வழக்கில், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதற்கு மிஞ்சியிருப்பது ரைட்டரின் கையெழுத்தும், கூண்டில் ஏறும் விசாரணை அதிகாரியின் ஞாபகமும்தான்.